கரிசல் மண்ணில் ஹாக்கி

சிவகாசி, சாத்தூரைப் போலவே தீப்பெட்டித் தொழிலில் பேர்பெற்ற கோவில்பட்டிக்கு ஹாக்கியும் ஓர் அடையாளம். கரிசல் தரையில் மட்டை பிடித்த ஊர்ப் பிள்ளைகள், இன்று செயற்கைப் புல்தரையில் பயில்கிறார்கள். ஆட்டத்துக்கு முன் தரையைத் தண்ணீரால் நனைப்பார்கள். ஈரத்தில் பந்து துள்ளாமல் விரைந்தோடும், விழுந்தாலும் தோல் அதிகம் சிராய்க்காது.

2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில், இவ்வூர் மாரீஸ்வரன் சக்திவேலும் இங்கே பயின்ற அரியலூர் கார்த்தி செல்வமும் இந்தியாவுக்கு ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோல் கார்த்தியுடையது. அணி வெண்கலம் வென்றது.

2017-க்குப் பின் நின்றுபோன ஹாக்கி இந்தியா லீக், 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. அதில் தமிழ்நாடு டிராகன்ஸ் என்ற தொழில்முறை அணிக்காகக் கார்த்தி களமிறங்கினார். கரிசல் பூமியின் பயிற்சிக்குக் கிடைத்த பெருமை இது.