கல்லாச் சாவியைக் கொடுத்த சிவப்புத் தொப்பிக்காரர்

"உடையவன் பாராப் பயிர் உருப்படுமா?" என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள். வணிகர்களாகிய நாம் அதைக் கடைக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம். காலையில் கடை திறக்கும்போது நாம் நிற்க வேண்டும். இரவு கல்லாவை எண்ணிப் பூட்டும்போதும் நாமே நிற்க வேண்டும். நடுவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனாலும் மனம் கடையிலேதான் கிடக்கும். மதுரை கீழமாசி வீதியில் நாற்பது ஆண்டுகளாகப் பருப்பு மொத்த வியாபாரம் செய்துவரும் நாமும் இதற்கு விலக்கல்ல. வயது அறுபத்தாறு ஆகிறது. சாவி இன்னும் நம் இடுப்பில்தான் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் நமது கடைக் கம்ப்யூட்டர் பழுதானது. சரிசெய்ய வந்த தம்பி வேலையை முடித்துவிட்டு, "அண்ணாச்சி, இதுக்குள்ளே இப்ப லினக்ஸ் போட்டிருக்கேன். இதுக்கு விலை கிடையாது. யார் வேணும்னாலும் சும்மா எடுத்துக்கலாம்" என்றார்.

"விலையில்லாத சரக்கை வைத்து எவன் தம்பி கடை நடத்துவான்?" என்று கேட்டோம்.

"நடத்தியிருக்காங்க அண்ணாச்சி. பெரிசா நடத்தி, அப்புறம் சாவியை வேற ஆளுக்கிட்டக் கொடுத்துட்டும் போயிருக்காங்க" என்றார். அப்படி அவர் சொல்லத் தொடங்கியதுதான் அமெரிக்காவின் ரெட் ஹேட் நிறுவனத்தின் கதை. பிறகு நாமும் விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டோம். மளிகை வியாபாரிகளாகிய நமக்கு அதில் பாடம் இருக்கிறது என்பதால் இங்கே எழுதுகிறோம்.

செய்முறையைச் சொல்லி விற்கும் சரக்கு

முதலில் அந்தச் சரக்கு என்னவென்று பார்ப்போம். சாம்பார் பொடி விற்கும் ஒருவர், எதை எவ்வளவு சேர்த்து எப்படி அரைத்தார் என்பதைப் பாக்கெட்டிலேயே அச்சிட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "நீங்களும் இதேபோல அரைக்கலாம், விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றி விற்றால் உங்கள் செய்முறையையும் வாங்குபவருக்குக் கொடுத்துவிட வேண்டும்" என்பது ஒன்றே நிபந்தனை. கம்ப்யூட்டர் உலகில் இப்படிப்பட்ட சரக்குக்குத் திறந்த மூல மென்பொருள் என்று பெயர். அதில் பேர்பெற்றது லினக்ஸ். பின்லாந்து நாட்டில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கி வைத்தது. நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு செல்போனின் அடித்தளமும் இந்த லினக்ஸ்தான். நம் கடை வாசலில் க்யூ.ஆர். அட்டையைக் காட்டிப் பணம் வாங்கும்போது, வாடிக்கையாளர் கையிலுள்ள போன் பெரும்பாலும் இதில்தான் ஓடுகிறது.

1990களின் நடுவில் அமெரிக்காவில் இதை வைத்துக் கடை போட்டவர்கள் இருவர். ஒருவர் மார்க் யூயிங் என்ற இளைஞர். கல்லூரியில் படிக்கும்போது தாத்தா கொடுத்த சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரிந்தவர். லினக்ஸைச் சுலபமாகப் பயன்படுத்தும்படி தொகுத்து, அதற்குத் தம் தொப்பியின் பெயரையே வைத்தார். ரெட் ஹேட் என்றால் சிவப்புத் தொப்பி.

மற்றவர் பாப் யங். கனடாவின் ஹாமில்டன் ஊர்க்காரர். படித்தது சரித்திரம், செய்தது விற்பனை. கம்ப்யூட்டர் வாடகைத் தொழில் பார்த்துவிட்டு, மனைவியின் சின்னத் தையல் அறையில் உட்கார்ந்து, விலைப்பட்டியல் அனுப்பிச் சரக்கு விற்கத் தொடங்கியவர். யூயிங்கின் சரக்கு அவரிடம் நன்றாகப் போயிற்று. 1995இல் யூயிங்கின் தொழிலை வாங்கித் தம்முடையதோடு சேர்த்தார். வட கரோலினா மாநிலத்தில் ரெட் ஹேட் வளர்ந்தது. ஒருவர் சரக்கு செய்பவர், ஒருவர் விற்பவர். நம் ஊர்க் கூட்டு வியாபாரம் போலத்தான்.

தக்காளிச் சாறும் லேபிளும்

ரெட் ஹேட் பெட்டியின் விலை ஏறத்தாழ 50 டாலர். அதே தகட்டை நகலெடுத்து இரண்டு மூன்று டாலருக்கு விற்றவர்களும் உண்டு. நிபந்தனைப்படி அது குற்றமும் அல்ல. அப்படியிருந்தும் ஜனங்கள் பெட்டியை வாங்கினார்கள். ஏன்?

இதற்குப் பாப் யங் 1999இல் எழுதிய ஒரு கட்டுரையில் தந்த விளக்கம் மளிகைக் கடையிலிருந்துதான் வருகிறது. தக்காளிக் கெச்சப்பை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்யலாம். தக்காளி, காடி, உப்பு, மசாலா எல்லாம் கடையில் கிடைக்கும். ஆனாலும் அமெரிக்கர் ஹெய்ன்ஸ் பாட்டிலைத்தான் எடுக்கிறார். கெச்சப் என்றால் இந்த ருசிதான் இருக்கும் என்று அந்தப் பெயர் அவர் மனத்தில் பதிந்துவிட்டது. லினக்ஸ் வியாபாரமும் அதுதான் என்றார் யங்.

நமக்கு இதைவிட நன்றாக யாருக்குப் புரியும்? மூட்டையில் உதிரியாகக் கிடக்கும் துவரம்பருப்பும், லேபிள் ஒட்டிய பாக்கெட் பருப்பும் ஒரே ஆலையிலிருந்து வந்திருக்கலாம். பாக்கெட்டுக்கு வாடிக்கையாளர் கூடுதலாகக் கொடுப்பது பருப்புக்கு மட்டும் அல்ல. கல் இருக்காது, எடை குறையாது, குறை இருந்தால் போய்க் கேட்க ஆள் உண்டு என்ற நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான்.

உச்சியில் நிற்கும்போது இறங்கியவர்

1999 ஆகஸ்ட் 11 அன்று ரெட் ஹேட் பங்குகள் சந்தைக்கு வந்தன. 14 டாலருக்கு வெளியிட்ட பங்கு அன்று மாலை 52 டாலரில் நின்றது. அதற்கு முன்பே, கூலி வாங்காமல் லினக்ஸுக்கு உழைத்த பலருக்குக் கடிதம் எழுதி, வெளியீட்டு விலையிலேயே பங்கு வாங்கிக்கொள்ளும் வாய்ப்பை நிறுவனம் தந்தது. சரக்கு தந்த கையை மறக்காத நல்ல வியாபார மரபு இது.

இவ்வளவு பெரிய வெற்றி வந்த பிறகு நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? நாற்காலியை இன்னும் இறுக்கிப் பிடித்திருப்போம். பாப் யங் அதே ஆண்டு நவம்பரில் தலைமை நிர்வாகப் பொறுப்பை மேத்யூ சூலிக் என்பவரிடம் ஒப்படைத்தார். அப்போது யங்குக்கு வயது 45தான்.

வணிக அன்பர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூலிக் திடீரென்று வந்தவர் அல்ல. 1998இலேயே அவரைக் கொண்டுவந்து அடுத்த நிலையில் அமர்த்தியிருந்தார்கள். கூடவே இருந்து கடையின் நெளிவு சுளிவுகளைப் பார்த்து, பங்கு வெளியீட்டையும் பார்த்த பிறகே அவர் கைக்குச் சாவி போனது. யங் சில காலம் நிர்வாகக் குழுத் தலைவராக மட்டும் இருந்தார். 2002இல் அந்த இடமும் சூலிக்குக்குப் போனது. யங் அதே ஆண்டு லுலு என்ற புத்தகப் பதிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, நொடித்துக் கிடந்த தம் சொந்த ஊர்க் கால்பந்தாட்ட அணியை வாங்கி நடத்தப் போய்விட்டார். தொப்பிக்குச் சொந்தக்காரரான யூயிங்கும் நிறுவனத்தைவிட்டு விலகி, மலையேறுவோருக்கான பத்திரிகை ஒன்றைத் தொடங்கிய கூட்டாளிகளில் ஒருவரானார்.

வந்தவர் மாற்றினார்

புதிதாக வந்தவர் பழைய கடையை அப்படியே வைத்திருந்தாரா? இல்லை. பெரிய நிறுவனங்களுக்கென்று தனிச் சரக்கு ஒன்றை 2002இல் கொண்டுவந்தார்கள். ஆண்டுச் சந்தா கட்டினால் பழுது பார்ப்பதும் புதுப்பித்துத் தருவதும் நிறுவனத்தின் பொறுப்பு. யங் காலத்தில் பேர் வாங்கித் தந்த அந்தப் பெட்டி விற்பனையை அடுத்த ஆண்டோடு நிறுத்தினார்கள். இலவசச் சரக்கு ஃபெடோரா என்ற வேறு பெயரில் போயிற்று. பழைய வாடிக்கையாளர் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் நிறுவனத்தை நிலைநிறுத்தியது அந்தச் சந்தாதான்.

2007 முடிவில் குடும்பத்தில் உடல்நலக் காரணத்தால் சூலிக்கும் பதவி விலகினார். அடுத்து வந்த ஜிம் ஒயிட்ஹர்ஸ்ட் டெல்டா விமான நிறுவனத்திலிருந்து வந்தவர். விமானக்காரருக்கு மென்பொருள் தெரியுமா என்று கேட்டவர்கள் உண்டு. 2012 பிப்ரவரியில் முடிந்த கணக்காண்டில் ரெட் ஹேட்டின் வரவு 100 கோடி டாலரைத் தாண்டியது. 2019இல் ஐ.பி.எம். நிறுவனம் அதை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. விலையில்லாச் சரக்கை வைத்துக் கடை நடத்த முடியுமா என்று நாம் கேட்ட கேள்விக்கு இதுவே பதில்.

எல்லாம் நன்றாகவே முடிந்தது என்றும் சொல்வதற்கில்லை. ரெட் ஹேட் சரக்கின் இலவசப் பதிப்பாகப் பலர் நம்பியிருந்தது சென்ட் ஓ.எஸ். 2029 வரை கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்த அதன் எட்டாம் பதிப்பு 2021 முடிவோடு நிற்கும் என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். நம்பியிருந்தவர்கள் கோபப்பட்டார்கள். செய்முறை வெளியே இருந்ததால் வேறு சிலர் அதேபோன்ற சரக்கை வேறு பெயரில் கொண்டுவந்தார்கள். சாவி கைமாறினால் சில முடிவுகள் நமக்குப் பிடிக்காமல் போகும். அதற்கும் சேர்த்தே மனத்தைப் பக்குவப்படுத்திக்கொள்ள வேண்டும்.

எதிர்க்கடை போட்டவர்

வேறு விதமாக விலகியவரும் உண்டு. கணக்கு விவரங்களைச் சேமித்து வைக்கும் மைஎஸ்க்யூஎல் என்ற திறந்த மூல மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவர் பின்லாந்துக்காரரான மான்டி வைடேனியஸ். மூத்த மகளின் பெயர் 'மை'. அதையே சரக்குக்கும் வைத்தார். 2008இல் சன் நிறுவனம் அந்தக் கடையை 100 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே வைடேனியஸ் வெளியேறி, அதே செய்முறையைக் கொண்டு புதுச் சரக்கு தொடங்கினார். அதற்கு இளைய மகள் பெயரால் மரியாடிபி என்று பெயர். 2013இல் விக்கிபீடியாவே அந்தப் பக்கம் மாறிக்கொண்டது. சரக்கின் செய்முறை எல்லோருக்கும் பொது என்பதால் அவர் எதிர்க்கடை போட முடிந்தது. நம் தொழிலில் பங்காளிகள் பிரிந்தால் எதிர்க்கடை வரும், ஆனால் இரண்டு கடையும் நிற்பது அபூர்வம்.

நம் வீதியில் நடந்தது

நம் வீதியில் ஒரு பெரியவர் இருந்தார். பெயர் வேண்டாம். எந்த ஊர்க் கடைக்காரரிடம் எவ்வளவு நிலுவை, யாருக்கு எத்தனை நாள் கடன் தரலாம், எந்த மண்டியில் யாரிடம் பேசினால் சரக்கு சுத்தமாக வரும் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தது. பேரேட்டில் பாதிதான் ஏறியிருக்கும். பிள்ளைகள் கேட்டால், "நான் இருக்கும்போது உங்களுக்கு என்ன கவலை?" என்பார். ஒரு நாள் வாதம் வந்து பேச்சு நின்றுபோனது. நிலுவையை வசூலிக்கச் சிட்டை இல்லை. பிள்ளைகள் கூப்பிட்டால் மண்டிக்காரர்களுக்கு அவர்கள் யாரென்றே தெரியவில்லை. இரண்டு ஆண்டுகளில் கடை மூடிவிட்டது. இன்று அந்த இடம் வேறொருவருடைய கிட்டங்கி.

அவரைக் குறை சொல்லும் தகுதி நமக்கும் இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் நம் மகன் ஒரு லாரி துவரம்பருப்பை மார்க்கெட்டைவிடச் சற்று ஏறின விலைக்குப் பிடித்துவிட்டார். கடைப் பையன்களும் சுமை தூக்குபவர்களும் நிற்கும்போதே சத்தம் போட்டோம். அன்று முதல் அவர் எந்தக் கொள்முதலையும் தாமாக முடிவு செய்ததில்லை. எதற்கும் "அப்பாவைக் கேட்டுச் சொல்றேன்" என்பதே பதில். மரியாதை என்று நாம் மகிழ்ந்துகொண்டிருந்தோம். சிவப்புத் தொப்பிக் கதையைப் படித்த பிறகுதான், ஒரு நஷ்டத்தை மிச்சப்படுத்தப் போய் ஒரு முதலாளியை உருவாகவிடாமல் செய்துவிட்டோம் என்று உறைத்தது.

நாம் செய்யத் தொடங்கியிருப்பது

ஆகவே மூன்று காரியங்களைத் தொடங்கியிருக்கிறோம். முதலாவது, நம் தலைக்குள் இருந்த வாடிக்கையாளர் விவரங்களையும் கடன் தவணைகளையும் கணக்குப்பிள்ளையை உட்காரவைத்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறோம். பாதி முடிந்திருக்கிறது. இரண்டாவது, ஆயுத பூஜையிலிருந்து மண்டிக்குப் போகும்போது மகனை அழைத்துப் போய், "இனி இவர்தான் பேசுவார்" என்று அறிமுகம் செய்கிறோம். மூன்றாவது, வரும் ஏப்ரல் முதல் தேதி புதுக்கணக்குப் போடும்போது சாவி மகன் கைக்குப் போகும். யங் செய்ததுபோல் சில காலம் பெரியவராக உட்கார்ந்திருப்போம். கேட்டால் சொல்வோம், கேட்காமல் சொல்ல மாட்டோம்.

சொல்வது சுலபம். சென்ற வாரம் லாத்தூரிலிருந்து போன் வந்தது. எடுத்து மகனிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாமாக இருந்தால் 200 மூட்டை சொல்லியிருப்போம். அவர் 120 மூட்டை போதும் என்றார். போனை வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்த்தார். "சரி, சிட்டை போடுங்கள்" என்று மட்டும் சொன்னோம்.

அவர் கணக்குச் சரியா, நம் கணக்குச் சரியா என்பது அடுத்த மாதம் மார்க்கெட் சொல்லும். எதுவானாலும் அடுத்த போனையும் அவரிடமே கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம்.