மேனி அறிவோம் – 11: வயிற்றுக்குள் ஒரு வலை

குடலிறக்க ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலை. காளவாசல் மேம்பாலத்தடி வரை மெதுவாக நடந்துவிட்டுத் திரும்பினேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெரியம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏய்யா, வயித்தக் கிழிச்சுட்டு வந்த ஆளு இப்பிடித் திரியலாமா? போய்ப் படுய்யா.”

“கிழிக்கல பெரியம்மா, மூணு ஓட்டைதான்” என்றேன். அவர் நம்பவில்லை. அவருடைய வீட்டுக்காரர் முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு ஒரு மாதம் கட்டிலை விட்டு இறங்காமல் கிடந்தவர்.

தொப்புளருகே ஒரு துளை, இரு பக்கமும் ஒவ்வொன்று. எதையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம். ஆனால் உள்ளே நடந்திருப்பது சின்ன வேலை இல்லை. வயிற்றுச் சுவரில் தளர்ந்துபோன இடத்தின் வழியாகத்தான் குடலோ கொழுப்போ தொடையிடுக்கில் பிதுங்கி வருகிறது. ஆண் குழந்தைக்கு விரை இறங்கிவரும் பாதை அங்கே இருப்பதால் அந்த இடம் பிறவியிலேயே பலவீனம். நூறு ஆண்களில் சுமார் 27 பேருக்கு வாழ்நாளில் என்றாவது இது வரும். பெண்களில் 3 பேருக்கு. கேமராவை உள்ளே விட்டு, பிதுங்கியதை இழுத்து, சுமார் 15 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் அளவில் பாலிபுரொப்பிலீன் வலை ஒன்றை விரித்துவிடுகிறார்கள். வலைக் கண்களுக்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். வெளித்தோல் ஒரு வாரத்தில் ஆறிவிடுவதால், எல்லாம் முடிந்தது என்று மனசு நம்பிவிடுகிறது.

முதல் இரவு என்னைப் பயமுறுத்தியது வயிறு அல்ல, வலது தோள்பட்டை. படுத்தால் குத்தியது. மாரடைப்போ என்று நர்சம்மாவைக் கூப்பிட்டேன். வயிற்றை உப்பவைக்க உள்ளே செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துகிறது. அந்த உதரவிதானத்துக்கான நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. அதனால் வலி தோளில் தெரிகிறது. எழுந்து நடந்ததில் குறைந்து, இரண்டு நாளில் போய்விட்டது. இதை முன்னாலேயே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நான்காம் நாள் அதைவிடப் பெரிய பயம். வீக்கம் இருந்த அதே இடத்தில் மறுபடி வீக்கம். விரைப்பை வரைக்கும் நாவற்பழ நிறத்தில் கன்றியிருந்தது. வலை அறுந்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். குடல் காலிசெய்த இடத்தில் நீர் கோத்துக்கொள்வது சகஜம், ரத்தம் கீழே இறங்கிக் கன்றுவதும் சகஜம் என்று மருத்துவர் பரிசோதித்துவிட்டுச் சொன்னார். இருமினால் அது பெரிதாகவில்லை, அமுக்கினால் உள்ளே போகவில்லை. குடலிறக்கத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். சில வாரங்களில் தானே வற்றியது. இடம் அப்படிப்பட்டது என்பதால் பல ஆண்கள் வாய் திறப்பதில்லை. தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். காட்டுங்கள், கேளுங்கள்.

படுக்கையிலிருந்து நேராக நிமிர்ந்து எழக் கூடாது. ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். இருமலோ தும்மலோ வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். வலி மாத்திரைகள் சில மலத்தைக் கட்டிவிடும், முக்குவது ஆகாது. கீரை, வாழைப்பழம், நிறையத் தண்ணீர், ராத்திரி இசப்கோல் என்று சமாளித்தேன். கத்தரிக்காயும் கருவாடும் தொட்டால் சீழ் வைக்கும் என்றார் பெரியம்மா. மருத்துவர் எதையும் விலக்கச் சொல்லவில்லை. முட்டை, பருப்பு, மீன் சேர்க்கச் சொன்னார். புண் ஆறப் புரதம் வேண்டும்.

படுத்தே கிடக்க வேண்டும் என்ற எண்ணம் உலகம் முழுக்க இருந்ததுதான். கனடாவின் டொராண்டோவில் ஷோல்டைஸ் என்ற மருத்துவர் 1945-இல் தன் மருத்துவமனையைத் தொடங்கி, குடலிறக்க நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்பி நடக்கவைத்தார். 2018-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், உடம்பு இசைந்த உடனே வழக்கமான வேலைகளுக்குத் திரும்பலாம் என்கிறது. வலையின் கதை இன்னும் அருமை. மகாராஷ்டிரத்தின் தோண்டாயிச்சா என்ற சிற்றூரில் டாக்டர் டோங்காவ்கர், விலை உயர்ந்த வலைக்குப் பதிலாகக் கொசுவலைத் துணியைக் கிருமிநீக்கி ஏழைகளுக்கு வைத்தார். உகாண்டாவில் 302 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தபோது, கொசுவலையும் விலை உயர்ந்த வலையும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தது தெரிந்தது.

சீக்கிரமே வேலைக்குத் திரும்பலாம் என்றால் மூட்டையும் தூக்கலாமா? எனக்கு மருத்துவர் போட்ட கணக்கு: இரண்டு வாரம் தண்ணீர்க் குடம்கூட வேண்டாம், பெரிய பாரத்துக்கு ஆறு வாரம். நான் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறவன். எட்டாம் நாள் எழுத ஆரம்பித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டில்காரர் கீழமாசி வீதியில் மூட்டை இறக்குகிறவர்.

“சார், பத்து நாளைக்குத்தான் கையில காசு இருக்கு. பதினோராம் நாள் தூக்கித்தான் ஆகணும்” என்றார். இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டு கார்டு உள்ள தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் 70 சதவீதச் சம்பளம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். இவருக்கு அந்தக் கார்டு இல்லை. நான் குடியிருக்கும் காளவாசலின் பெயருக்கே செங்கல் சூளை என்றுதான் பொருள். சூளையே பெயராகிவிட்ட இந்த இடத்தில் பாரம் சுமந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் எத்தனை பேர் இடுக்கில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு காலம் தள்ளினார்களோ என்று அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன்.

காய்ச்சல், துளையில் சிவப்பு அல்லது சீழ், சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, வயிறு உப்பி வாந்தி, கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் – இவற்றில் ஒன்று வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

கடை, கிடங்கு, சூளை, லாரி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்களிடம் பாரம் தூக்குகிற ஒருவர் இந்த ஆபரேஷன் முடித்து வந்தால், ஆறு வாரம் அவருக்குக் கணக்கெழுதும் வேலையோ காவல் வேலையோ கொடுங்கள். கூலியைக் குறைக்காதீர்கள்.

(தொடரும்)