மனநல மருத்துவரைத் தெரிவு செய்தலும் மருந்தை முறையோடு உட்கொள்ளுதலும்

தண்டலம் முதல் ஒரகடம் வரையுள்ள ஆலைகளில் பணிபுரிவோரும் அவர்தம் குடும்பத்தாரும் மனநலம் குறித்து எங்களிடம் பெரும்பாலும் இரண்டு வினாக்களையே எழுப்புகின்றனர். யாரிடம் செல்வது? மாத்திரையை எப்போது நிறுத்துவது?

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்தபின் மனநல மருத்துவத்தில் எம்.டி. அல்லது அதற்கு ஈடான தகுதி பெற்று, மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர். மருந்து எழுதித் தருபவர் அவரே. மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவர். உளவியல் சோதனைகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் அவர்தம் பணி. பலருக்கு இருவர் துணையும் தேவைப்படும். 'கவுன்சிலர்' என்னும் பெயர்ப்பலகையை மட்டும் கண்டு நம்பிவிடாமல், எங்குப் பயின்றார் என்று கேளுங்கள். கேட்பது அவமதிப்பு ஆகாது. முதற்சந்திப்பிலேயே உறக்கம், மது, பிற நோய்கள், ஏற்கெனவே உண்ணும் மருந்துகள் ஆகியவற்றை விசாரித்து, தேவையெனில் தைராய்டு பரிசோதனையும் செய்யச் சொல்பவரை நம்பிச் செல்லலாம் என்பது எங்கள் கருத்து. வெளிமாநிலத்திலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்போர் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ் தவிர வேறு பல இந்திய மொழிகளிலும் பேச வழியுண்டு.

வழிபாட்டுத் தலங்களுக்குச் செல்வதை நாங்கள் தடுப்பதில்லை. ஆயினும் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப இயலாமல் மாண்டனர். உயிரிழந்தோர் 28 பேர். மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்துள்ளது.

இனி மருந்து. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பயன்தர இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். குமட்டல், தலைவலி போன்ற பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே தோன்றும். பலர் மாத்திரையைக் கைவிடுவது அப்போதுதான். நலம் திரும்பிய பின்னரும் வழக்கமாக ஆறு மாதங்களேனும் தொடர வேண்டும். நிறுத்தும்போது மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் உறக்கமின்மையும் வரக்கூடும். 25 வயதுக்குட்பட்டோருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் மிகக்கூடும் என்பதால், குடும்பத்தார் உடனிருந்து கவனிப்பதும் மாத்திரைகளைத் தம் பொறுப்பில் வைப்பதும் நன்று.

இரவு ஷிப்டில் பணிபுரிவோர் அதனை மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும். 'இரவு உணவுக்குப் பின்' என எழுதப்பட்ட உறக்கந்தரும் மாத்திரையை உண்டுவிட்டு எந்திரத்தின் முன் நிற்பது பேராபத்து. லித்தியம் உட்கொள்வோர் உலை வெப்பத்தில் மிகுதியாக வியர்த்தாலோ, மூட்டுவலிக்கு ஐபுபுரூஃபன் வாங்கி உண்டாலோ இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறிவிடும். கைநடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் கண்டால் அன்றே வாருங்கள். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளை நண்பரிடம் கடனாகப் பெறவும் வேண்டா, மதுவுடன் சேர்க்கவும் வேண்டா. அவை விரைவில் பழக்கமாகிவிடுவன. விழாக்களுக்கு ஊருக்குச் செல்வோர் திரும்பும் நாள் வரைக்குமான மாத்திரைகளையும் மருந்துச் சீட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

ஆலை நிருவாகத்திற்குத் தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோர் உளர். சட்டம் கூறும் சில விலக்குகள் நீங்கலாக, உங்கள் இசைவின்றி மருத்துவர் நோய் விவரத்தை வெளியிடலாகாது. விடுப்புச் சான்றிதழில் எதனைக் குறிப்பிடுவது என்பதை, அது எழுதப்படும் முன்னரே அவரிடம் பேசிக்கொள்ளலாம்.