கத்திரி வெயிலில் ஒரு ஹீட்டர்

மே மாதம், பகல் ஒரு மணி. உத்திரமேரூர் பக்கத்து மானாம்பதியில் ஒரு புளியமர நிழலில் பழைய கார் ஒன்று நிற்கிறது. “ஏசி சுத்தமா குளிரலை தம்பி, கேஸ் அடிச்சிடு” என்கிறார் ஓட்டிவந்தவர். மெக்கானிக் கேஸ் சிலிண்டர் பக்கமே போகவில்லை. “ஏசியை அணைச்சிட்டு ஃபேனை மட்டும் போடுங்கண்ணே” என்கிறார். கையை நீட்டிப் பார்த்தால், வெளியே வீசும் அனலைவிடச் சூடாக வருகிறது காற்று. “ஏசி மேல தப்பில்லண்ணே. ஹீட்டர் மூடலை!”

இந்தப் பக்கம் காரில் ஹீட்டர் போடுபவர் யார்? யாருமில்லை. கோளாறுக்கே அதுதான் காரணம்.

நாம் ஊற்றும் பெட்ரோலின் ஆற்றலில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. புகையோடும், எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டோடும் வெப்பமாகவே வெளியேறுகிறது. ஓடிச் சூடான காரில் அந்தக் கூலன்ட் 90 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிப்பாக இருக்கும். அதில் கொஞ்சத்தை இரண்டு ரப்பர் ஹோஸ்கள் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகின்றன. அதுதான் ஹீட்டர். ஊட்டியில் மார்கழிக் காலையில் கிடைக்கும் இதமான சூடு, எஞ்சின் எப்படியும் வீணாக்கவிருந்த வெப்பம்தான்.

ஏசி உள்ள காரில் காற்று முதலில் கூலிங் காயிலைத் தாண்டிக் குளிர்கிறது. அடுத்து ஒரு சின்னக் கதவு. டேஷ்போர்டில் உள்ள வெப்பநிலைக் குமிழ் நீலத்தில் இருந்தால் கதவு ஹீட்டரின் வழியை அடைக்கும். சிவப்புக்குத் திருப்பினால் திறந்துவிடும். பழைய கார்களில் குமிழையும் கதவையும் இணைப்பது சைக்கிள் பிரேக் கேபிள் போன்ற மெல்லிய கம்பி. சில கார்களில் சுடுநீரை நிறுத்த ஒரு வால்வும் உண்டு. வருடக்கணக்கில் அசைக்காத கம்பி துருப்பிடித்து இறுகும், அல்லது கிளிப்பிலிருந்து கழன்றுகொள்ளும். கதவின் ஓரத்தில் ஒட்டிய ஸ்பாஞ்சும் சூட்டில் பொடிந்து உதிரும்.

கதவு கொஞ்சம் திறந்திருந்தால் என்ன ஆகிவிடும்? கணக்குப் போடலாம். கூலிங் காயிலிலிருந்து 8 டிகிரியில் காற்று வருகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் ஹீட்டரில் புகுந்து 70 டிகிரிக்குச் சூடாகிக் கலந்தால், முகத்தில் படுவது 14 டிகிரி. ஐந்தில் ஒரு பங்கு புகுந்தால் 20 டிகிரி. விரற்கடை இடைவெளி போதும், ஏசியின் உழைப்பில் பெரும்பங்கு வீணாகிவிடும். இதற்குக் கேஸ் அடித்தால் காசுதான் கரையும்.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஏசி நன்றாகக் குளிர்ந்து, எஞ்சின் சூடேறச் சூடேறக் குளிர்ச்சி குறைந்தால் ஹீட்டரைச் சந்தேகியுங்கள். நிற்கும்போது குளிராமல், வேகமாக ஓடும்போது மட்டும் குளிர்ந்தால் அது வேறு நோய். முன்பக்க ஃபேனைப் பாருங்கள். ஹீட்டர்தானா என்று உறுதிசெய்ய, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஏசியை அணைத்து, குமிழை நீலத்தில் வைத்து, வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். வருவது வெளிக்காற்றைவிட நன்றாகவே சூடாக இருந்தால் சந்தேகம் உறுதி. பிறகு குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். எதிர்ப்பே இல்லாமல் சுழன்றால் கம்பி கழன்றிருக்கிறது. பாதியில் முட்டினால் இறுகியிருக்கிறது. கழன்ற கம்பியை மாட்ட ஒரு கிளிப் போதும்.

வால்வு உள்ள காராக இருந்தால் இன்னொரு எதிரி உண்டு: போர் தண்ணீர். ரேடியேட்டரில் அதை ஊற்றி ஊற்றி, சோறு வடிக்கும் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல வால்விலும் ஹீட்டரின் நுண்குழாய்களிலும் வெள்ளை உப்பு படிகிறது. வால்வு முழுசாக மூடாது. கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் கலந்து ஊற்றினால் இந்தப் படிவு இல்லை, துருவும் தள்ளிப்போகும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: எஞ்சின் சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் நீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும்.

தொல்லை வேண்டாம் என்று இரண்டு ஹோஸ்களையும் ஒன்றாக இணைத்து ஹீட்டரையே ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. காருக்குள் இனிப்பான வாசனை வந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படிந்தால் ஹீட்டர் ஒழுகுகிறது என்று பொருள்; கூலன்ட் நஞ்சு என்பதால் அப்போது தற்காலிகமாக அப்படிச் செய்வது நியாயம். மற்றபடி ஹீட்டரை இழக்க வேண்டாம். ஐப்பசி மழையில் கண்ணாடியில் மூடுபனிபோல ஆவி படியும்போது, ஏசி ஈரத்தை எடுக்க, ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்க, இரண்டும் சேர்ந்தால்தான் பாதை சீக்கிரம் தெளியும். போகும் வழியில் எஞ்சின் சூடு ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுவது பழைய டிரைவர்களின் உபாயம். குட்டி ரேடியேட்டர் பெரிய ரேடியேட்டருக்குக் கைகொடுக்கும். ஒதுங்கி நிறுத்த ஓர் இடம் கிடைக்கும்வரை நாம்தான் வியர்க்க வேண்டும்.

செலவில்லாத பராமரிப்பு ஒன்று. மாதம் ஒருமுறை, நீலத்திலிருந்து சிவப்புக்கும் சிவப்பிலிருந்து நீலத்துக்கும் குமிழை நாலைந்து தடவை திருப்புங்கள். கத்திரியில் நமக்கு வேண்டியது ஹீட்டர் அல்ல, மூடத் தெரிந்த ஹீட்டர்.