பழைய எண்ணெய் எஞ்சினும் அதன் சக்தியும்

2024 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தார் எளிதில் மறவார். மயிலத்தில் மட்டும் ஏறத்தாழ 50 சென்டி மீட்டர் மழை பெய்தது. வயல்கள் நீரில் மூழ்கின. பல ஊர்களில் மின்சாரம் தடைப்பட்டது. இத்தகைய வேளையில்தான் கொட்டகை மூலையில் கிடக்கும் பழைய டீசல் எஞ்சின் நினைவுக்கு வருகின்றது. "எஞ்சின் ஓடுகிறது, ஆனால் இழுக்கவில்லை, இதன் சக்தியைக் கூட்ட வழியுண்டா?" என்று விவசாயிகள் நம்மை வினவுவதுண்டு. வழியுண்டு. ஆனால் அது வேகத்தைக் கூட்டுவதன்று. இழந்த சக்தியை மீட்பதும், உள்ள சக்தியை வீணாக்காதிருப்பதுமேயாகும்.

எஞ்சினை இனங்காணுதல்

முதலில், எஞ்சினில் பதித்துள்ள தகட்டைத் துடைத்துப் படித்தல் வேண்டும். செய்தவர் பெயர், எண், குதிரைச் சக்தி, நிமிடச் சுற்று ஆகியவை அதில் இருக்கும். தகடு இல்லையேல் சிலிண்டரின் குறுக்களவையும் பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரத்தையும் அளந்து அறியலாம்.

இருபுறமும் பெரிய சக்கரங்களுடன் மெல்ல ஓடுவது லிஸ்டர் வகை. இங்கிலாந்தில் லிஸ்டர் கம்பெனியார் 1929 இல் வெளியிட்ட அமைப்பைப் பின்பற்றி, ராஜ்கோட்டில் இவ்வகை எஞ்சின்கள் பெருவாரியாகச் செய்யப்பட்டன. குறுக்களவு 114.3 மில்லி மீட்டர், நகர்ச்சி 139.7 மில்லி மீட்டர் எனில் அது 650 சுற்றில் 6 குதிரைச் சக்தி தரும் எஞ்சினாகும். உருவில் சிறிய கிர்லோஸ்கர் ஏ.வி.1 எஞ்சினில் இவ்வளவுகள் 80, 110 மில்லி மீட்டர். அது 1500 சுற்றில் 5 குதிரைச் சக்தி தருவது. மெல்ல ஓடுவதாலேயே ஓர் எஞ்சினை வலுவற்றதென்று எண்ணலாகாது.

வேகத்தைக் கூட்டலாகாது

கவர்னர் வில்லை முறுக்கி 650 சுற்றை 750 ஆக்குவோர் உளர். இதனால் எஞ்சினின் சக்தி, மிகுந்தால் நூற்றுக்குப் பதினைந்து பங்கு கூடும். ஆனால் நேராக இணைந்துள்ள பம்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சக்தியைக் கேட்கும், எஞ்சின் திணறும். சக்கரத்தைப் பிய்த்தெறிய முயலும் விசையோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். விரிசல் கண்ட பழைய வார்ப்பிரும்புச் சக்கரம் சிதறுமாயின் அருகில் நிற்போர் உயிருக்கே கேடு.

சிலிண்டரைத் துளைத்துப் பெரிய பிஸ்டன் போட்டால் சக்தி பெருகும் என்பதும் தவறான எண்ணமே. 80 மில்லி மீட்டர் சிலிண்டர் 80.5 ஆனால் கொள்ளளவு நூற்றுக்கு ஒன்றே கால் பங்குதான் கூடும். தேய்மானத்தால் கசிந்த அழுத்தம் திரும்பக் கிடைப்பதே இவ்வேலையின் உண்மைப் பயன்.

புகை சொல்லும் செய்தி

பாரம் ஏற்றியபின் புகையைக் காண்க. கரும்புகை, காற்றுக்கு மிஞ்சிய எண்ணெய் செல்வதைக் காட்டும். காற்று வடிகட்டியைத் தூய்மை செய்து நாசிலைச் சோதிக்க வேண்டும். நீலப்புகை, மசகெண்ணெய் எரிவதன் அடையாளம். பிஸ்டன் வளையங்களைப் பார்க்க வேண்டும். சூடேறிய பின்னும் வெண்புகை நீங்காவிடில், அழுத்தமோ எண்ணெய் பீய்ச்சும் நேரமோ சரியில்லை எனக் கொள்ளலாம். எஞ்சினைக் குளிர்வித்து வெளிவரும் நீர் கைக்குச் சூடாக இருத்தல் வேண்டும். தண்ணென்று வருமாயின் எண்ணெய் செவ்வனே எரியாது.

பம்பையும் பார்க்க

ஒரு குதிரைச் சக்தி என்பது வினாடிக்கு 75 கிலோ எடையை ஒரு மீட்டர் உயர்த்தும் ஆற்றல். வினாடிக்கு 20 லிட்டர் நீரை வயலிலிருந்து 2 மீட்டர் உயரத்துக்கு இறைக்க, நீரளவில் அரைக் குதிரைச் சக்திக்குச் சற்று மேல் போதும். பம்பில் பாதி வீணானாலும் ஒன்றேகால் தாண்டாது. ஆனால் குழாயின் வாயைத் தேவையின்றி இன்னும் ஒரு மீட்டர் உயர்த்தினால், அதே நீருக்கு ஒன்றரை மடங்கு சக்தி செலவாகும். அடைபட்ட புட்வால்வும், குறுகிய குழாயும், மிகுதியான வளைவுகளும், நழுவும் பெல்டும் இவ்வாறே சக்தியை விழுங்குகின்றன. 1978 இல் தோன்றிய பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கமும் புட்வால்வு, குழாய்த் திருத்தங்களை வலியுறுத்தி வந்துள்ளது.

கிணற்றில் நீர் தாழ்ந்துவிட்டதென்று எஞ்சினைக் கிணற்றுள் இறக்கி ஓட்டலாகாது. அதன் நச்சுப்புகை அங்கேயே தங்கி, இறங்குவோர் உயிரைக் குடித்துவிடும்.

பஞ்சாயத்தின் கடமை

பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் ஊரிலுள்ள எஞ்சின்களின் வகை, சக்தி, நிலை ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் குறித்து வைத்தல் நன்று. புரட்டாசி மாதத்திலேயே ஒவ்வொன்றையும் பாரத்துடன் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துக் குறை களைய வேண்டும். மழை வந்தபின் மெக்கானிக்கைத் தேடுவோர் பலராவர். வயலில் நிற்கும் நெற்பயிரோ அதுவரை காத்திராது.