பூட்டிக் கிடந்த வீடு வருமானம் தருகிறது

விவசாயத்துடன் கறவை மாடு, ஆடு, கோழி வளர்ப்பதை உப தொழில் என்கிறோம். பிரான்ஸ் நாட்டுச் சிறு விவசாயிகள் பலருக்குப் பழைய வீடே ஓர் உப தொழிலாக இருந்து வருகிறது.

தொடங்கிய விதம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், தென்கிழக்கு பிரான்சின் மலைக் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் பிழைப்பு தேடிப் பட்டணம் சென்றனர். கல் வீடுகள் பூட்டிக் கிடந்து பாழாயின. பட்டணத்துத் தொழிலாளருக்கோ 1936ம் ஆண்டிலேயே சம்பளத்துடன் 2 வார விடுமுறை கிடைத்துவிட்டது. 1956ல் அது 3 வாரமாயிற்று. ஆனால் குடும்பத்துடன் ஓட்டலில் தங்க அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

இவ்விரு குறைகளுக்கும் ஒரே வழி கண்டவர் எமில் ஒபேர் என்ற செனட்டர். 1951ல் அவரது மாவட்டத்தில் முதல் விடுமுறை வீடு திறக்கப்பட்டது. இதற்கு 'ஜீத்' என்று பெயர். 1955ல் நாடு முழுவதற்கும் கூட்டமைப்பு ஏற்பட்டது. ஓட்டல்களுக்கு நட்சத்திரம் தருவதுபோல, இவ்வீடுகளின் வசதிக்கேற்பக் கோதுமைக் கதிர்களைத் தரக்குறியாக இக்கூட்டமைப்பு வழங்குகிறது.

வேலை குறைவு

இம்முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விடுமுறைக் கூட்டம் வருவது ஜூலை, ஆகஸ்டு மாதங்களில். லாவண்டர் பூ அறுவடையும் ஏறக்குறைய அப்போதுதான். ஆடு வளர்ப்போருக்குப் பால் கறவையும் நிற்காது. விருந்தினருக்குச் சமைத்துப் போட யாருக்கு நேரம்?

ஆகவே முழு வீட்டையும் சமையலறை, பாத்திரங்களுடன் வார வாடகைக்கு விடுகிறார்கள். பெரும்பாலும் சனிக்கிழமை வந்து, அடுத்த சனிக்கிழமை புறப்படுவார்கள். சமையல் அவர்களுடையது. வாரம் ஒரு முறை வீட்டைச் சுத்தம் செய்து சாவி கொடுப்பதே விவசாயியின் முக்கிய வேலை. முட்டை, தேன், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி ஆகியவற்றை வாசலிலேயே விற்கவும் வழியுண்டு.

பொழுதுபோக்கு

வருகிறவர்களுக்குக் கேளிக்கைக் கூடம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. சிவப்பு, வெள்ளைக் கோடுகளால் அடையாளமிட்ட நெடுந்தூர நடைபாதைகள் மலைகளினூடே செல்கின்றன. சில இடங்களில் சுமார் 700 மீட்டர் ஆழமுள்ள வெர்டோன் பள்ளத்தாக்கில் படகு விடலாம். வாலான்சோல் மேட்டு நிலத்தில் லாவண்டர் பூப்பதையும், கோடையில் மலை மேய்ச்சலில் இருக்கும் செம்மறி மந்தைகளையும் காணலாம். பிள்ளைகளுக்குப் பால் கறப்பதைப் பார்ப்பதே பெரிய வேடிக்கை.

பயிர் முதலில்

இதில் ஆபத்தும் உண்டு. வாடகை நன்றாக வருகிறதென்று நிலத்தைத் தரிசாகப் போட்டால், பூவும் மந்தையும் மறையும். அவற்றைப் பார்க்க வந்தவர்களும் வரமாட்டார்கள். கறவை மாட்டுக்குத் தீவனம் எப்படியோ, விருந்தினர் வீட்டுக்கு விளைநிலம் அப்படியே. உப தொழில் எதுவானாலும், அறுவடை நேரத்தில் அது நம் கையைக் கட்டிப் போடாதிருக்கிறதா என்று முதலில் கணக்குப் பார்ப்பது நல்லது.