குப்பை எடுக்க வரும் ‘தாயி’ யார்?

புனேயில் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் முதலில் கற்றுக்கொள்ளும் மராத்திச் சொற்களில் ‘கச்சரா’வும் ஒன்று. காலையில் அந்தச் சொல்லோடு வாசலுக்கு வரும் பெண்மணியை ‘தாயி’ என்று அழைக்கிறோம். மராத்தியில் அதற்கு அக்கா என்று பொருள். முறை சொல்லி அழைக்கிறோமே தவிர, அவர் யாரிடம் வேலை பார்க்கிறார், நாம் மாதந்தோறும் கொடுக்கும் பணம் யாருக்குப் போகிறது என்பதெல்லாம் நம்மில் பலருக்குத் தெரியாது. மாநகராட்சி ஊழியர் என்று நினைப்பவர்களே அதிகம். உண்மையில் அவர்களில் பலர் ‘ஸ்வச்’ என்னும் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்கள்.

தொடக்கம்

1990 வாக்கில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் புனே கிளையிலிருந்த வயதுவந்தோர் கல்விப் பிரிவினர், தெருவில் காகிதம் பொறுக்கும் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கப் புறப்பட்டனர். பூர்ணிமா சிகர்மனே, லட்சுமி நாராயண் ஆகியோர் இதில் முன்னின்றவர்கள். குழந்தைகளோடு பழகியபோது ஓர் உண்மை புலப்பட்டது. தாயின் வருமானம் உயராமல் பிள்ளை பள்ளியில் நிலைக்காது. அந்தத் தாயோ, அழுகிய குப்பையைக் கிளறித்தான் காகிதம் எடுக்க வேண்டியிருந்தது. வீடுகளிலேயே பிரித்துக் கொடுத்தால் பொருளும் சுத்தமாக இருக்கும், காயலான் கடையில் விலையும் கூடும். குடியிருப்புகளில் பேசி, சில பெண்களுக்கு இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தனர்.

சிறிது காலத்தில் தனியார் ஒருவர் வண்டி வைத்து அந்தக் குப்பையை எடுக்க முன்வந்தார். பெண்கள் போராடித் தங்கள் பிழைப்பைக் காத்துக்கொண்டனர். தனித்தனியாக நின்றால் ஆகாது, சங்கம் வேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று. சுமை தூக்கும் தொழிலாளர்களுக்காக ஹமால் பஞ்சாயத்தை நிறுவிய டாக்டர் பாபா ஆடாவ் துணை நின்றார். 1993-இல் ‘காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத்’ என்ற தொழிற்சங்கம் உருவாயிற்று. காகிதம், கண்ணாடி, தகரம் சேகரிக்கும் உழைப்பாளர்களின் பஞ்சாயத்து என்பது இதன் பொருள். உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் சமூகத்துப் பெண்கள்.

அட்டையும் கணக்கும்

சங்கத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்று அடையாள அட்டை. தோளில் சாக்கு மூட்டையோடு நடப்பவரைத் திருடர் என்று சந்தேகிப்பது சகஜமாக இருந்த காலம் அது. 1995-96-இல் புனே, பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிகள் அவர்களுக்குப் புகைப்பட அட்டையை அங்கீகரித்தன. இந்தியாவிலேயே இது முதல்முறை.

அடுத்தது கணக்கு. 2001-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காக ஓர் ஆய்வு நடந்தது. குப்பை எடுக்கும் ஒவ்வொருவரும் மாதம் ரூ.246 மதிப்புள்ள உழைப்பைக் கூலியில்லாமல் நகரத்துக்கு வழங்குகிறார் என்று அது காட்டியது. அதுவரை உதவி கேட்பவர்களாகப் பார்க்கப்பட்டவர்கள் நகரத்துக்கு உதவி வந்தவர்கள் என்பது இப்படி வெளிப்பட்டது. 2002-03-இல் புனே மாநகராட்சி, பதிவு பெற்ற குப்பை எடுப்போருக்கு மருத்துவக் காப்பீடு ஏற்படுத்தியது. வட்டிக்காரரிடம் சிக்காமலிருக்க உறுப்பினர்களுக்கெனச் சேமிப்பு-கடன் சங்கமும் உண்டு.

ஸ்வச் இயங்கும் விதம்

2007-இல் ஸ்வச் கூட்டுறவுச் சங்கம் பதிவாகி, 2008-இல் மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. இன்று இதில் 3,000-க்கும் மேற்பட்டோர் உழைக்கிறார்கள். இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. வீடுகள் தரும் கட்டணமும், உலர்ந்த குப்பையைத் தரம் பிரித்து விற்கும் பணமுமே வருமானம். மிச்சமுள்ள குப்பை மாநகராட்சி வண்டிக்குப் போகிறது.

இத்தகைய அமைப்பில் அலுவலராக வேலை பார்ப்பவர்கள் நன்கொடை வினியோகிப்பதில்லை. காப்பீட்டுப் படிவம் நிரப்புவது, பிள்ளைகளின் உதவித்தொகைக்கு அலைவது, கட்டணம் தர மறுக்கும் குடியிருப்புச் செயலாளரிடம் பேசுவது, மாநகராட்சியில் கோப்பைத் தொடர்வது ஆகியவையே அவர்களின் அன்றாட வேலை. பலன் மெதுவாகத்தான் வரும், வந்தாலும் நிரந்தரமில்லை. 2020-இன் இறுதியில் ஒப்பந்தம் முடிந்தபோது இப்பணியைத் தனியாருக்கு விடும் பேச்சு எழுந்தது. அதே ஆண்டு கொரோனா ஊரடங்கில் நாம் கதவை அடைத்துக்கொண்டிருந்தபோது வாசலுக்கு வந்து குப்பை எடுத்தவர்கள், தங்கள் வேலையைக் காக்கப் போராட வேண்டியதாயிற்று.

நாம் செய்யக்கூடியவை

நம் பங்கு சிறியது, ஆனால் தினசரி செய்ய வேண்டியது. ‘ஓலா’ எனப்படும் ஈரக் குப்பையையும் ‘சுக்கா’ எனப்படும் உலர்ந்த குப்பையையும் தனித்தனியே வையுங்கள். சாம்பார் ஊற்றிய காகிதத்துக்குக் கடையில் விலை கிடையாது. அந்த நஷ்டம் தாயியுடையது. உடைந்த கண்ணாடியைத் தடித்த காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். சானிட்டரி நாப்கின், குழந்தைகளின் டயப்பர் ஆகியவற்றைக் காகிதத்தில் பொதிந்து மேலே சிவப்புப் புள்ளி வையுங்கள். அவர் பிரித்துப் பார்க்காமலே ஒதுக்கிவிடலாம். கட்டணத்தை மாதம் தவறாமல் கொடுங்கள். அது இனாம் அல்ல, கூலி.

பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். உழைப்புக்கு உரிய மதிப்பு கிடைத்தால் ஒரு குடும்பம் எப்படித் தலையெடுக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாயியின் பெயர் என்ன என்று நாளைக் காலை கேட்டுத் தெரிந்துகொள்வோமே!